வாட்ஸ்அப் குழு வகுப்பறை ஆகாது

"நாங்களும் ஆன்லைனில்தான் நடத்துகிறோம்" என்று சொல்லும் பல கல்லூரித் துறைகளில் நடப்பது இதுதான்: ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, நோட்ஸ், அறிவிப்பு, சந்தேகம், அசைன்மென்ட், மதிப்பெண் எல்லாவற்றையும் அதில் கொட்டுவது. இரண்டே வாரத்தில் குழு சந்தைக்கடை ஆகிவிடும். "சார், யூனிட் 2 நோட்ஸ் மறுபடி போடுங்க" என்று கேட்கும் மாணவரைத் திட்டிப் பயனில்லை. பொங்கல் வாழ்த்துக்கும் பிறந்தநாள் கேக்குக்கும் நடுவே அந்தக் கோப்பை அவர் எங்கே போய்த் தேடுவார்?

தாமதமாகச் சேர்ந்தவருக்கு முந்தைய செய்திகள் தானாக வந்துசேராது. கையால் எழுதிய விடைத்தாளைப் படமாக அனுப்பினால் சுருங்கிப்போய் அடிக்குறியெண்கள் மங்கிவிடும். பிடிஎஃப் ஆக்கி 'டாக்குமென்ட்' வழியாக அனுப்பச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும்விட, குழுவில் இருக்கும் எல்லோருடைய போன் நம்பரும் எல்லோருக்கும் தெரியும். நள்ளிரவில் வரும் 'ஹாய்'களின் தொடக்கம் பல மாணவிகளுக்கு இந்த வகுப்புக் குழுதான்.

என் கருத்து, ஒரு வேலைக்கு ஓர் இடம். குழுவில் அட்மின் மட்டும் எழுதலாம் என்று செட்டிங்கை மாற்றிவிட்டு, கடைசித் தேதி, இணைப்பு இரண்டையும் தவிர வேறெதுவும் போடாதீர்கள். நோட்ஸும் அசைன்மென்டும் மூடில் (Moodle), கூகுள் கிளாஸ்ரூம் போன்ற இணைய வகுப்புத் தளம் ஒன்றில் இருக்கட்டும். கிளாஸ்ரூமில் கூகுள் டாக்ஸ் கோப்பை இணைக்கும்போது, ஒவ்வொரு மாணவருக்கும் தனி நகல் என்ற தேர்வைக் கொடுக்க வேண்டும். மாணவர்கள் திருத்தலாம் என்பதைக் கொடுத்தால் வகுப்பே ஒரே கோப்பில் விழும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழிப்பார். மதிப்பெண்ணை அவரவருக்குத் தனியாகக் காட்டுங்கள். குழுவில் பட்டியலாக ஒட்டுவது அநாகரிகம்.

உண்மையான பயன் விவாதத்தில் இருக்கிறது, அதைத்தான் நாம் வீணடிக்கிறோம். மூடிலின் விவாத மன்றத்தில் (ஃபோரம்) 'கேள்வி-பதில்' என்றொரு வகை உண்டு. தன் பதிலைப் போடாதவரைக்கும் மற்றவர் பதில் கண்ணில் படாது. காப்பியடிக்க வழியில்லை. ஆனால் ஒரு சிக்கல்: பதிவைத் திருத்துவதற்கான அவகாசம் முடிந்தபிறகுதான் மற்றவை தெரியும், அது வழக்கமாக 30 நிமிடம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் "எனக்கு ஒன்றும் வரவில்லை" என்று எல்லோரும் போன் செய்வார்கள்.

கேள்வி அமைப்பதில்தான் பாதி வெற்றி. "உலகமயமாதல் பற்றி உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டால் அறுபது பேரும் ஒரே கட்டுரையை ஒட்டுவார்கள், இப்போது அதை ஏஐ எழுதித் தரும். மாறாக, ஒரு வரி வேண்டுமென்றே தவறாக இருக்கும் பத்து வரி நிரூபணத்தைக் கொடுங்கள். எந்த வரி, ஏன் தவறு, எப்படித் திருத்துவது என்று 100 சொல்லுக்குள் எழுதட்டும். இரண்டு நாள் கழித்து, தன்னோடு உடன்படாத ஒருவருக்கு மறுப்பு எழுதட்டும். அறுபது பேருக்கும் ஆசிரியர் பதில் எழுதத் தேவையில்லை. நல்லது ஒன்று, பாதி சரி ஒன்று, சுவாரசியமான தவறு ஒன்று என மூன்றை எடுத்து வார இறுதியில் ஒரே பதிவாக அலசினால் போதும். ஏஐ சந்தேகம் வந்தால் டாக்ஸின் பதிப்பு வரலாற்றைப் பாருங்கள். மொத்தமாக ஒட்டியது தெரியும். ஆனால் அது மட்டும் குற்றத்துக்குச் சாட்சி ஆகாது. இரண்டு நிமிடம் வாய்மொழியாகக் கேட்டால் தெளிவாகிவிடும்.

வீடியோ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எட்எக்ஸ் (edX) என்ற இணையப் பாடத் தளத்தின் பாடங்களை ஆராய்ந்து 2014இல் வந்த ஆய்வு, எவ்வளவு நீளமான வீடியோவானாலும் மாணவர்கள் பார்க்கும் இடைநிலை (மீடியன்) நேரம் 6 நிமிடத்தைத் தாண்டவில்லை என்றது. 50 நிமிட உரையை அப்படியே பதிவேற்றாமல் துண்டாக்கி, இடையிடையே ஒரு கேள்வி வையுங்கள். யூடியூபில் 'அன்லிஸ்டட்' என்றால் ரகசியம் என்று பொருளில்லை. இணைப்பு கிடைத்த யாரும் பார்க்கலாம்.

முகநூலிலோ இன்ஸ்டாகிராமிலோ கணக்கு இருந்தால்தான் மதிப்பெண் என்பதை ஏற்கவே முடியாது. லைக் எண்ணி மதிப்பெண் போடுவது அதைவிட மோசம். பொதுவெளியில் எழுதும் பயிற்சி வேண்டுமென்றால் தமிழ் விக்கிப்பீடியா இருக்கிறது. புனைபெயர் போதும், யார் எதை எப்போது சேர்த்தார் என்பது வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகும். முதலில் மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்தில் எழுதி, மேற்கோள் சேர்த்து, பிறகு கட்டுரைக்கு நகர்த்தச் சொல்லுங்கள். பாடநூலிலிருந்து அப்படியே எடுத்ததை நீக்கிவிடுவார்கள். நல்ல பகுதியைக்கூட நாளை வேறொருவர் மாற்றி எழுதலாம். அதனால் கடைசித் தேதியன்று இருந்த பதிப்பின் நிலையான இணைப்பை மாணவரிடம் வாங்கி, அதற்கே மதிப்பெண் போடுங்கள்.