சிவப்பு வண்ணத்துக்குள் ஒரு மாவு ஆலை

ஒவ்வொரு அமெரிக்கத் தேர்தலுக்குப் பிறகும் அந்த வரைபடம் இங்கே பகிரப்படுகிறது. ஜனநாயகக் கட்சி வென்ற இரண்டு கடற்கரைகளிலும் நீலம், குடியரசுக் கட்சி வென்ற நடுவில் சிவப்பு. கீழே நம்மவர்கள் எழுதுவதையும் படிக்கிறேன். "நடுவில் இருப்பவர்கள் எதுவும் தெரியாத பட்டிக்காட்டு மக்கள், பணக்காரர்கள் சொன்னபடி ஓட்டுப் போடுகிறவர்கள்." இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது. அந்தச் சிவப்புக்குள் இருக்கும் வடக்கு டகோட்டாவில், கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரத்தில், நான்கு ஆண்டுகள் வாழ்ந்தவன் நான்.

போன முதல் வாரம் பரோட்டா போடுவதற்காக மைதா வாங்கினேன். பையில் 'டகோட்டா மெய்ட்' என்று அச்சிட்டிருந்தது. அந்த மாவை அரைத்த ஆலை அதே ஊரின் வட பக்கத்தில் இருக்கிறது. அதன் முதலாளி யார் என்று பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டேன். கோதுமை விவசாயம் செய்து ஓய்வு பெற்றவர் அவர். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "நாங்கள்தான்" என்றார். ஆலை மாநில அரசுக்குச் சொந்தம். 1922 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு மூத்தது வடக்கு டகோட்டா வங்கி. 1919-இல் 20 லட்சம் டாலர் முதலுடன் மாநில அரசு தொடங்கியது. மாநிலத்தின் வரிப்பணம் இன்றும் அந்த வங்கியில்தான் போய்ச் சேருகிறது. 1964-க்குப் பிறகு ஒரு ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளரைக்கூடத் தேர்ந்தெடுக்காத மாநிலம் இது. 2024-இல் மூன்றில் இரண்டு பங்குப் பேர் டிரம்புக்கு ஓட்டுப் போட்டார்கள். அரசு வங்கியும் அரசு ஆலையும் அவர்களுடையவைதான்.

எப்படி வந்தது இது? எடை போடும் இடத்தில் தொடங்கியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஒரு விவசாயி, கோதுமையை வண்டியில் ஏற்றி ரயிலடியில் இருக்கும் தானியக் கிடங்குக்குக் கொண்டு போவார். கிடங்குக்காரர் ஒரு கைப்பிடி அள்ளிப் பார்ப்பார். இரண்டாம் தரம் என்பார், மூன்றாம் தரம் என்பார். தூசிக்கும் களைவிதைக்கும் என்று எடையில் இவ்வளவு கழிப்பார். கழித்த களைவிதையைத் தீவனமாக விற்றால் வரும் காசு விவசாயிக்கு இல்லை. தரம் சொல்பவரும் வாங்குபவரும் ஒருவரே. அவருக்கு மேலே மினியாபொலிஸ் ஆலைக்காரர்கள், தானியச் சந்தைக்காரர்கள், ரயில் கம்பெனிகள். பெரிய கிடங்குகளுக்குள் முதல் தரமாக வந்த கோதுமையைவிட, முதல் தரமாக வெளியே போன கோதுமை அதிகம். நடுவில் தரம் எப்படி உயர்ந்தது என்று கேட்க நாதியில்லை. 1916-இல் துரு நோய் தாக்கிக் கதிர்மணி சூம்பிப்போனபோது, அதைத் தீவனத் தரம் என்று அடிமாட்டு விலைக்கு வாங்கினார்கள். ஃபார்கோ வேளாண் கல்லூரியின் வேதியியலாளர் எட்வின் லாட் அதே கோதுமையை அரைத்து, ரொட்டி சுட்டுப் பார்த்து, மாவு நன்றாகவே வருகிறது என்று நிரூபித்தார். அவரைப் பிறகு அந்த மக்கள் செனட்டுக்கே அனுப்பினார்கள்.

மாநிலமே கிடங்கு கட்ட வேண்டும் என்று மக்கள் 1912-இலும் 1914-இலும் ஓட்டுப் போட்டுச் சொல்லியிருந்தார்கள். 1915-இல் சட்டமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. அந்த ஆண்டுதான் ஆர்தர் டவுன்லி கிளம்பினார். பெரிய அளவில் ஆளிவிதை பயிரிட்டு, விலை சரிந்து, கடனில் மூழ்கி எழுந்தவர் அவர். வயல் வயலாக ஃபோர்டு கார்களில் ஆள் அனுப்பினார். எந்தக் கட்சியிலும் சேராத சங்கம், நான்பார்ட்டிசன் லீக். கையில் காசில்லாதவர்களிடம், அறுவடைக்குப் பிந்தைய தேதியிட்ட காசோலையைச் சந்தாவாக வாங்கிக்கொண்டார்கள். புதுக் கட்சி தொடங்காமல், குடியரசுக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்தேர்தலுக்குள் புகுந்து தங்கள் ஆட்களை நிறுத்தினார்கள். 1916-இல் லின் ஃப்ரேசியர் என்ற விவசாயி ஆளுநரானார். 1918-இல் சட்டமன்றத்தின் இரண்டு அவைகளும் அவர்கள் கையில். மறு ஆண்டே வங்கி, ஆலை, ஆலங்கட்டி மழைக்கு அரசுக் காப்பீடு என்று சட்டங்கள் வரிசையாக வந்தன. எதிர்த்தவர்கள் வழக்குப் போட்டார்கள், 1920-இல் உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் நின்றது. வங்கியின் கடன் பத்திரங்களைப் பெரிய நிதி நிறுவனங்கள் சீந்தவில்லை. போர்க்காலத்தில் லீக்காரர்களைத் துரோகிகள் என்றார்கள். டவுன்லி பக்கத்து மாநிலமான மின்னசோட்டாவில் சிறைக்கும் போனார்.

1921-இல் நடந்ததுதான் என்னை அந்த மக்கள் மீது பித்தாக்கியது. ஆளுநர் ஃப்ரேசியரைத் திரும்ப அழைக்கும் வாக்கெடுப்பு. சுமார் 4,000 ஓட்டில் தோற்றார். அமெரிக்காவில் அப்படிப் பதவி இழந்த முதல் ஆளுநர் அவர். அடுத்தவர் 2003-இல் கலிஃபோர்னியாவில். வங்கியையும் மற்றத் திட்டங்களையும் ஒழிக்கும் தீர்மானங்களும் அதே நாளில் வாக்குக்கு வந்தன. அவற்றை மக்கள் நிராகரித்தார்கள். ஆட்சி நடத்தியவர்கள் மேல் கோபம். அதற்காகத் தங்கள் சொத்தை விட்டுக்கொடுக்க அவர்கள் தயாராக இல்லை. லீக்கின் எதிரியாக வந்த புதிய ஆளுநர் காலத்தில்தான் ஆலை திறந்தது. அதே 1922-இல் ஃப்ரேசியரை செனட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்! இவ்வளவு நுட்பமாக ஓட்டுப் போடத் தெரிந்தவர்களையா ஒரு வண்ணத்தில் அடக்குகிறோம்?

அந்தக் குணம் இன்னும் போகவில்லை. கம்பெனிகள் விவசாய நிலம் வைத்திருக்கக் கூடாது என்று 1932-இல் மக்களே வாக்களித்துத் தடை போட்டார்கள். பால், பன்றிப் பண்ணைகளுக்கு விலக்குத் தரச் சட்டமன்றம் முயன்றபோது, 2016-இல் நான்கில் மூன்று பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டு அதை விரட்டினார்கள். 2023-இல் சட்டமன்றம் கால்நடைப் பண்ணைகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தம்தான். மருந்துக்கடையின் பெரும்பங்கு மருந்தாளுநருக்கே சொந்தமாக இருக்க வேண்டும் என்ற சட்டத்தை நீக்கப் பெருங்கடைகள் செலவழித்துப் பார்த்தன. 2014-இல் அதுவும் தோற்றது.

இவ்வளவு புகழ்ந்த பிறகு, என் நெஞ்சில் முள்ளாக நிற்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த மண்ணின் முதல் விவசாயிகள் நார்வேயிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வந்த வெள்ளையர்கள் இல்லை. மிசௌரி ஆற்றுப் படுகையில் மாண்டன், ஹிடாட்சா, அரிக்காரா இனப் பெண்கள் மக்காச்சோளம், அவரை, பூசணி, சூரியகாந்தி என்று நூற்றாண்டுகளாகப் பயிர் செய்தார்கள். எஞ்சிய நிலமாக அவர்களுக்கு ஃபோர்ட் பெர்த்தோல்ட் ஒதுக்கப்பட்டிருந்தது. வெள்ளத் தடுப்பு, மின்சாரம் என்று சொல்லிக் கட்டிய காரிசன் அணைக்காக அதில் சுமார் ஒன்றரை லட்சம் ஏக்கரை எடுத்துக்கொண்டார்கள். முழுகியது மேட்டு நிலம் இல்லை. ஆற்றோரத்து வண்டல் நிலம், அவர்களுடைய சோற்று நிலம். தரகனிடம் ஏமாந்த ஆத்திரத்தில் ஒரு வங்கியையே கட்டிய விவசாயிகள், இன்னொரு விவசாயியின் வயல் பறிபோனபோது அந்த ஆத்திரத்தைக் காட்டவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் இதையும் கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசியதே கிடையாது" என்றார்.

1948 மே மாதம் வாஷிங்டனில் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. அந்த நிலத்தை எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில் உள்துறைச் செயலர் கையெழுத்திட்டுக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் கோட்டு சூட்டு அணிந்த பழங்குடித் தலைவர் ஜார்ஜ் ஜில்லெட், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறார். அவர்களுடைய எல்போவுட்ஸ் என்ற ஊர் இன்று அந்த அணையால் உண்டான ஏரிக்கு அடியில் இருக்கிறது. அந்த ஏரிக்கு, ஹிடாட்சா மக்களோடு வாழ்ந்த சக்ககவியா என்ற பெண்ணின் பெயரை வைத்திருக்கிறார்கள்.