உறவினர் பட்டியலும் 540 வித்தியாசமும்

வணிகவியல் இறுதியாண்டில் ஒரு நிதிச் சேவை நிறுவனத்தில் மூன்று மாதம் இன்டர்ன்ஷிப் செய்தேன். முதல் நாள் காலையில் எங்கள் எட்டுப் பேர் கையிலும் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். ஒன்று முதல் ஐம்பது வரை வரிசை எண் அச்சிட்டிருந்த அந்தத் தாளில் உறவினர்கள், அக்கம்பக்கத்தார், பெற்றோரின் நண்பர்கள் ஆகியோரின் பெயரையும் கைபேசி எண்ணையும் எழுதச் சொன்னார்கள். எதற்கென்று தெரியாமலே எழுதினோம். அந்த ஐம்பது பேரும்தான் எங்கள் முதல் வாடிக்கையாளர்கள் என்று பிற்பகலில்தான் சொன்னார்கள்.

கணக்கைப் படிக்கக் கற்றுக்கொடுக்காமல் கடனை விற்கச் சொல்வது மாணவருக்கும் தீங்கு, அந்த மாணவரை நம்பிக் கையெழுத்துப் போடுகிறவருக்கும் தீங்கு. இதை உறுதியாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் பட்டியலில் முதலில் இருந்த பெயர் என் அத்தையுடையது.

அவர் தையல் இயந்திரம் வாங்கப் பணம் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. 12,000 கடன், ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டி, மாதம் 1,100 வீதம் பன்னிரண்டு தவணை என்று எனக்குக் கொடுத்திருந்த குறிப்பைப் பார்த்து வாசித்தேன். அத்தை ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மாசாமாசம் அசல் கொறஞ்சுகிட்டே வருதே, வட்டி மட்டும் ஏன் கொறையவே இல்ல?" எனக்குப் பதில் தெரியவில்லை. குறிப்பில் எழுதியிருந்ததையே மறுபடி சொன்னேன். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவரும் ஒப்புக்கொண்டார். அந்த மாதம் எனக்குப் பாராட்டு கிடைத்தது.

நான்காவது வாரத்தில் கணக்குப் பிரிவில் ஒருவர் நீண்ட விடுப்பில் போனதால் என்னை அங்கே மாற்றினார்கள். ரீகன்சிலியேஷன் வேலை. நிறுவனத்தின் ஏட்டையும் வங்கி அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி பொருத்த வேண்டும். செலுத்திய காசோலை இன்னும் வசூலாகாமல் இருக்கும், வங்கி பிடித்த கட்டணம் நம் ஏட்டில் ஏறாமல் இருக்கும், கடன் எண்ணைக் குறிப்பிடாமல் யாரோ கட்டிய தவணை அனாமத்துக் கணக்கில் உரிமையாளருக்காகக் காத்துக்கொண்டிருக்கும். உடன் வந்த மாணவர்கள் எனக்காகப் பரிதாபப்பட்டார்கள். எனக்கோ அங்கே உட்கார்ந்த பிறகுதான் படித்த படிப்புக்கு உயிர் வந்தது போலிருந்தது.

ஒரு நாள் இரண்டு பக்கமும் பொருந்தாமல் 540 இடித்தது. 540 என்ற தொகையிலேயே ஏதாவது பதிவு விடுபட்டிருக்கும் என்று நினைத்து ஒன்றரை நாள் தேடினேன், கிடைக்கவில்லை. பிரிவின் மூத்த கணக்காளர் வந்து பார்த்துவிட்டு, "ஒன்பதால வகுபடுதான்னு பாரும்மா" என்றார். வகுபட்டது. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறி விழுந்தால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் மீதியின்றி வகுபடும் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். 540-ஐத் தொண்ணூறால் வகுத்தால் ஆறு. ஆகவே நூறாம் இடத்திலும் பத்தாம் இடத்திலும் ஆறு வேறுபடும் இலக்கங்கள் மாறியிருக்கலாம் என்று அவர் சொன்னபடி தேடியதும் பத்து நிமிடத்தில் அகப்பட்டது. யாரோ ஒருவர் கட்டிய 5,820-ஐ 5,280 என்று பதிந்திருந்தார்கள். அதைக் கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால், முழுத் தவணையும் கட்டிய அந்த மனிதருக்கு 540 பாக்கி என்றும் அதற்குத் தாமதக் கட்டணம் என்றும் கடிதம் போயிருக்கும். எங்கோ ஒரு வீட்டில் அந்தக் கடிதத்தைப் பிரித்து ஒருவர் கலங்கி நின்றிருப்பார் என்று நினைத்தபோது, அந்த ஒன்றரை நாள் வீணானதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பிரிவில் பதிபவர் ஒருவர், சரிபார்த்து ஒப்புதல் தருபவர் வேறொருவர். இது எதற்கு, இரட்டை வேலைதானே என்று கேட்டபோது அந்த மூத்த கணக்காளர் பேரிங்ஸ் வங்கியின் கதையைச் சொன்னார். 1762-இல் தொடங்கிய அந்த லண்டன் வங்கி 1995-இல் ஒரேயடியாக விழுந்தது. சிங்கப்பூர் கிளையில் நிக் லீசன் என்ற ஒருவரே வணிகமும் செய்து, அந்த வணிகத்தின் கணக்கு முடிக்கும் பிரிவையும் தன் பொறுப்பில் வைத்திருந்தார். பிழைகளை ஒதுக்கி வைப்பதற்கான 88888 என்ற கணக்கில் நட்டத்தை மறைத்துக்கொண்டே போக, அது 80 கோடி பவுண்டைத் தாண்டியது. இறுதியில் ஐஎன்ஜி நிறுவனம் அந்த வங்கியை ஒரு பவுண்டுக்கு வாங்கியது. ஒருவர் வேலையை இன்னொருவர் சரிபார்க்கும் உள்கட்டுப்பாடு பற்றி இரண்டு மதிப்பெண் வினாவாக மனப்பாடம் செய்திருந்த எனக்கு, அதன் பொருள் அன்றுதான் விளங்கியது.

எண்களைச் சரிபார்த்துப் பார்க்கும் பழக்கம் வந்த பிறகு அத்தையின் கேள்வி என்னை விடவில்லை. ஒரு மாலை உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். மாதம் 1,000 அசல் கழிகிறது என்று வைத்துக்கொண்டால் முதல் மாதம் அவர் கையில் இருக்கும் கடன் 12,000, இரண்டாம் மாதம் 11,000, கடைசி மாதம் வெறும் 1,000. சராசரியாக ஆண்டு முழுவதும் அவர் கையில் இருக்கும் தொகை 6,500தான். ஆனால் அசல் குறைந்தாலும் தொடக்கத் தொகைக்கே வட்டி போடும் ஃபிளாட் ரேட் முறையில் வட்டி 1,200, முழு 12,000-க்கும் போடப்பட்டது. குறையும் நிலுவைக்கு வட்டி போடும் முறையில் சொன்னால் அது ஏறத்தாழ 18 விழுக்காடு. இதில் செயலாக்கக் கட்டணம் சேரவில்லை. கடன் வாங்குபவருக்கு உண்மையான ஆண்டு விழுக்காட்டை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவில் 1968-இலேயே சட்டம் வந்துவிட்டது. எனக்குக் கொடுத்த குறிப்பில் அந்த எண் இல்லை, கேட்க வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

விற்பனையும் தொழிலின் ஒரு பகுதிதான், அதையும் மாணவர் கற்க வேண்டும் என்பார்கள். கற்கட்டும், மறுக்கவில்லை. ஆனால் விற்கப்போகும் கடனின் தவணை அட்டவணையைத் தன் கையால் போட்டுக் காட்டிய பிறகு கற்கட்டும், சொந்தக்காரர்களின் நம்பிக்கையை முதலீடாக வைக்காமல் கற்கட்டும். மாணவரை அனுப்பும் கல்லூரிகள் வருகைச் சான்றிதழை மட்டும் வாங்கிக் கோப்பில் வைக்காமல், எந்தப் பிரிவில் என்ன வேலை, யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். உறவினர் பட்டியல் கேட்கும் நிறுவனத்துக்கு அடுத்த ஆண்டு மாணவர்களை அனுப்பக் கூடாது. என் பயிற்சி அறிக்கையிலும் இதையே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பயிற்சி முடிந்த அன்று மாலை அத்தைக்கு போன் செய்தேன். அதற்குள் இரண்டு தவணை கட்டியிருந்தார். 18 விழுக்காடு எப்படி வருகிறது என்று மாதம் மாதமாகச் சொல்லி, அன்றைக்கே இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், மன்னித்துவிடுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப அன்னிக்கு நான் கேட்டது சரியான கேள்விதானே?" என்றார்.

"ஆமாம் அத்தை" என்றேன்.