பரோயே தீவு ஆய்வும் நம்மூர் நெத்தலியும்

வட அத்திலாந்திக்கிலுள்ள பரோயே தீவுகளில் மீனிலுள்ள பாதரசம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதித்ததால் கர்ப்பிணிகள் மீனே உண்ணக்கூடாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆய்வு உண்மைதான், அதிலிருந்து எடுத்த முடிவு பொருந்தாது. 1986, 1987ஆம் ஆண்டுகளில் பிறந்த ஏறத்தாழ 1000 பிள்ளைகளைத் தொடர்ந்த அவ்வாய்வில், தாய்மாருக்குப் பாதரசம் பெரும்பாலும் பைலட் திமிங்கில இறைச்சியிலிருந்தே சேர்ந்தது. கடலில் சிறிய உயிரைப் பெரியது தின்னத் தின்னப் பாதரசம் பெரியதன் உடலில் செறிவடைவதால், மட்டக்களப்பின் கல்லடிக் கரையில் கரைவலையில் ஏறும் நெத்தலிக்கும் சூடைக்கும் அக்கணக்கு ஒத்துவராது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் இணையத்தளத்தில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுவோருக்குமான மீன் பட்டியலை எவரும் பார்க்கலாம்: நெத்தலியும் சூடை இனத்துச் சாளையும் மிக உகந்தவற்றில் உள்ளன, சுறா தவிர்க்க வேண்டியவற்றில் உள்ளது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்குமென்று நாம் ஆக்கிக்கொடுக்கும் சுறா வறையைப் பற்றித்தான், உண்மையில், நாம் பேசவேண்டும்.