உலகமயமாக்கல் பாடத்தை ஒரு மாத்திரையிலிருந்து தொடங்குவோம்

சர்வதேச உறவுகள் முதுகலைப் படிப்பில் உலகமயமாக்கல் என்ற தாள், நான் அறிந்த வகுப்புகளில் எல்லாம் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் நடத்தப்படுகிறது. முதலில் வரையறைகள் வரும். பிறகு அரசின் அதிகாரம் கரைந்துவிட்டது என்போர், கரையவில்லை என்போர், உருமாறி வருகிறது என்போர் என மூன்று தரப்புகள். கடைசியில் நன்மை தீமைகளின் பட்டியல். இப்படிப் படித்துத் தேறும் மாணவர் மனதில், உலகமயமாக்கல் பருவமழையைப் போலத் தானாக வந்து சேர்ந்தது என்ற எண்ணமே மிஞ்சுகிறது. அரசுகள் பேரம் பேசி, சொல் சொல்லாக எழுதிக் கையெழுத்திட்ட விதிகளும் அதில் பெரும்பங்கு வகிக்கின்றன என்பதை நாம் அழுத்திச் சொல்வதில்லை. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

என்னிடம் வழிகாட்டுதல் கேட்டு வரும் மாணவர்களிடம், கோட்பாடுகளுக்கு முன்பாக ரத்தப் புற்றுநோய்க்கான க்ளீவெக் என்ற மாத்திரையின் வழக்கைப் படிக்கச் சொல்கிறேன்.

நீதிபதி ராஜகோபால ஐயங்கார் 1959இல் அளித்த அறிக்கையை அடித்தளமாகக் கொண்டு எழுந்த 1970ஆம் ஆண்டு இந்தியக் காப்புரிமைச் சட்டம், மருந்துக்குக் காப்புரிமை (பிறர் தயாரிக்காமல் தடுக்கும் தனியுரிமை) கிடையாது, அதைத் தயாரிக்கும் செய்முறைக்கு மட்டுமே உண்டு என்று வகுத்தது. அதே மருந்தை வேறு செய்முறையில் தயாரிக்கலாம் என்ற அந்த வழியில்தான் இந்திய மருந்துத் தொழில் வேரூன்றியது. ஆனால் 1986இல் உருகுவேயில் தொடங்கிய வர்த்தகப் பேச்சுவார்த்தை முடிந்து, 1995இல் உலக வர்த்தக அமைப்பு பிறந்தபோது, அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமும் அதனுடன் பிணைக்கப்பட்டே வந்தது. ஜவுளிக்குச் சந்தை வேண்டும் என்ற நாடு, காப்புரிமை விதிகளை மட்டும் ஒதுக்கிவிட்டுக் கையெழுத்திட வழியில்லை. மருந்துக்கும் 20 ஆண்டுக் காப்புரிமை தர வேண்டிய கட்டாயம், 2005 வரையிலான அவகாசத்தோடு, இந்தியாவுக்கு வந்தது அப்படித்தான்.

அவகாசம் முடிந்தபோது நாடாளுமன்றம் செய்த திருத்தத்தில் 3(டி) என்ற பிரிவு அமைந்தது. ஏற்கெனவே அறியப்பட்ட பொருளின் புதிய வடிவத்துக்கு, அது கூடுதல் பலன் தருவதாக நிரூபிக்கப்பட்டாலொழிய, காப்புரிமை கிடையாது என்கிறது அது. க்ளீவெக் மருந்துக்காக சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் அளித்திருந்த விண்ணப்பம் 2006இல் இதன்படி நிராகரிக்கப்பட்டது. அந்த நிறுவனத்தின் மருந்துக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய், உள்நாட்டு மாற்று மருந்துக்குச் சுமார் 8,000 ரூபாய் என்ற நிலையில், அந்த முடிவு எத்தனை குடும்பங்களைத் தொட்டிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மாணவர்கள் நின்று படிக்க வேண்டிய இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. இந்தப் பிரிவே உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தத்துக்கு முரணானது என்று நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாதிட்டது. அதைத் தீர்மானிப்பது தன் வேலையன்று, அந்த அமைப்பிலேயே அதற்கான தீர்வு முறை இருக்கிறது என்று 2007இல் நீதிமன்றம் கூறிவிட்டது. அந்த முறையிலோ அரசுகள் மட்டுமே வழக்காட முடியும். சுவிட்சர்லாந்து அரசு வழக்குத் தொடுக்கவில்லை. காப்புரிமை மறுக்கப்பட்டதை உச்ச நீதிமன்றம் 2013இல் உறுதி செய்தது. அரசின் இறையாண்மை, பன்னாட்டு நிறுவனத்தின் பலம், உலக அமைப்பின் எல்லை ஆகிய மூன்றும் இந்த ஒரே வழக்கில் உரசிக்கொள்கின்றன. மூன்று தரப்புகளின் வாதத்தையும் மாணவர் இங்கேயே சோதித்துப் பார்க்கலாம்.

விதிகள் மறுபடியும் பேரத்துக்கு வரும் என்பதற்கும் இதே துறை சான்று தருகிறது. எய்ட்ஸ் மருந்து கேட்டு ஆப்பிரிக்காவில் எழுந்த குரல்களின் அழுத்தத்தில், பொது சுகாதாரத்தைக் காக்கும் உரிமை நாடுகளுக்கு உண்டு என்ற உலக வர்த்தக அமைப்பின் பிரகடனம் 2001இல் தோஹாவில் வந்தது. கோவிட் காலத்தில், 2020 அக்டோபரில், இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் காப்புரிமை விதிகளைத் தற்காலிகமாக நிறுத்தக் கோரின. 2022 ஜூனில் கிடைத்ததோ தடுப்பூசிக்கு மட்டுமான குறுகிய சலுகை. அந்த இருபது மாத இழுபறியை நான் இன்றும் கோபத்துடனேயே நினைக்கிறேன்.

ஆகவே பாடத்திட்டம் வகுப்போருக்கு ஒரு வேண்டுகோள். ‘உலகமயமாக்கலின் விளைவுகளை விவரி’ என்ற கேள்வியை ஓர் ஆண்டாவது விட்டுவிடுங்கள். எவற்றுக்குக் காப்புரிமை தர வேண்டும் என்று சொல்லும், அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்தின் 27ஆம் உறுப்பையும் நம் சட்டத்தின் 3(டி) பிரிவையும் வினாத்தாளில் அச்சிட்டு, இவை ஒன்றுக்கொன்று முரண்படுகின்றனவா, அதை முடிவு செய்யும் அதிகாரம் யாருக்கு உண்டு என்று கேளுங்கள்.