ஐபி எண்ணிலும் முந்தினவனுக்குத்தான் பட்டா

இன்டர்நெட் எல்லாருக்கும் பொது என்று யாராவது பேசினால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். நெட்டில் ஒவ்வொரு இணைப்புக்கும் முகவரியாக இருக்கும் ஐபி எண்களைப் பங்கு போட்ட கதை தெரிந்தால் உங்களுக்கும் வரும்.

நாலு எண்ணைப் புள்ளி வைத்து எழுதுகிறோமே, அந்தப் பழைய முறையான ஐபிவி4-இல் உலகத்துக்கே மொத்தம் 429 கோடி எண்கள்தான். ஆரம்ப காலத்தில் கேட்டவர்களுக்கு ஏக்கர் கணக்கில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். 17-இல் தொடங்கும் எல்லாம் ஆப்பிளுக்கு. 19 ஃபோர்டுக்கு. 18 முழுக்க எம்ஐடிக்கு (குரோம்பேட்டை இல்லை, அமெரிக்கா). ஒவ்வொன்றும் 1 கோடியே 67 லட்சம் எண்கள். தன் பங்கில் 1 கோடியே 40 லட்சம் சும்மா கிடக்கிறது என்று 2017-இல் எம்ஐடியே சொல்லி, ஒரு பகுதியை விற்றது. வாங்கியது அமேசான்.

அடுக்கு முறையை நான் குறை சொல்லவில்லை. மேலே உலகத்துக்கே எண்களைப் பங்கிடும் ஐயானா, அதற்குக் கீழே ஐந்து வட்டாரப் பதிவகங்கள். நம் பக்கத்துக்கு பிரிஸ்பேனில் இருக்கும் ஏப்னிக், இந்தியாவுக்குள் ஐரின், பிறகு நமக்கு நெட் கொடுக்கும் ஐஎஸ்பிகள். மேலிருப்பவர் மொத்தமாகக் கொடுப்பார், கீழிருப்பவர் பிரித்துக் கொடுப்பார். ரவுட்டரும் ஒவ்வொரு எண்ணையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை, முன்பகுதியைப் பார்த்தே எந்தப் பக்கம் அனுப்புவது என்று முடிவு செய்துவிடும். அருமையான ஏற்பாடு. ஆனால் தேவைக்கேற்ற அளவில் வெட்டிக் கொடுக்கும் சிடர் முறை 1993-இல் வருவதற்குள் பெரிய துண்டுகள் கைமாறிவிட்டன.

2011 பிப்ரவரி 3 அன்று ஐயானா கடைசி ஐந்து தொகுப்புகளைப் பதிவகத்துக்கு ஒன்று வீதம் கொடுத்துவிட்டுக் கையை விரித்தது. அந்த ஏப்ரலிலேயே ஏப்னிக்கில் ரேஷன். இன்று அங்கே புதிதாக வருபவருக்கு அதிகபட்சம் 512 எண்.

விளைவு நம் வீட்டில். ரவுட்டரில் வான் (WAN) ஐபி, அதாவது வெளிப்பக்க எண், 100.64-க்கும் 100.127-க்கும் நடுவில் இருந்தால், பல வீடுகள் ஒரே பொது எண்ணுக்குப் பின்னால் நிற்கின்றன என்று அர்த்தம். எவனோ செய்த சேட்டைக்கு நமக்கும் ‘நீ மனிதன்தானா’ என்று சோதிக்கும் கேப்சா. வீட்டு சிசிடிவியை வெளியிலிருந்து நேரடியாகத் திறக்கவும் வழியில்லை.

நீள எண்கள் கொண்ட புதிய முறையான ஐபிவி6-இல் இந்தப் பஞ்சமே இல்லை. ஒரு வீட்டு நெட்வொர்க்குக்கு ஒதுக்கும் ஒரே துண்டிலேயே (/64 என்பார்கள்) மொத்த ஐபிவி4-ஐப் போல 429 கோடி மடங்கு இடம் இருக்கிறது. மொபைலில் நாம் பின்தங்கவும் இல்லை. ஜியோ 2016-இல் வரும்போதே ஐபிவி6-ஓடுதான் வந்தது. ஜியோ சிம் என்றால் 2409, ஏர்டெல் என்றால் 2401 என்று தொடங்கும் நீள எண் இப்போதே உங்கள் ஃபோனில் இருக்கலாம்.

தெரு பிராட்பேண்டில்தான் சிக்கல். எங்கள் ஏரியா ஆளிடம் கேட்டால், “அதெல்லாம் எதுக்கு சார், ஸ்பீடு வருதுல்ல? மாறாத ஸ்டாடிக் ஐபி வேணும்னா சொல்லுங்க, மாசம் தனி சார்ஜ்.” பஞ்சத்திலேயே காசு வரும்போது அவர் ஏன் மாறப்போகிறார்? அமேசானே 2024 பிப்ரவரியிலிருந்து தன் கிளவுடில் ஒவ்வொரு பொது ஐபிவி4 எண்ணுக்கும் மணிக்கு அரை சென்ட் வாங்குகிறது.

அடுத்த கனெக்‌ஷன் எடுக்கும்போது எத்தனை எம்பிபிஎஸ் என்பதோடு ஐபிவி6 உண்டா என்றும் கேளுங்கள். “வரும் சார்” என்றால் விடாதீர்கள். 2-இல் தொடங்கும் நீள எண் ரவுட்டரில் வந்திருக்கிறதா என்று மாட்ட வந்தவரையே திறந்து காட்டச் சொல்லுங்கள்.