மேடைகளில் மலிந்துவிட்ட ‘ஆகஸ்ட்’

கல்லூரி ஆண்டு விழாவாகட்டும், சங்கத்தின் பதவியேற்பு விழாவாகட்டும், ஆங்கிலத்தில் வரவேற்புரை என்றால் ‘திஸ் ஆகஸ்ட் கேதரிங்’ (மாண்புமிக்க இந்த அவை) என்ற தொடர் வந்தே தீருகிறது. எத்தனையோ தலைமுறைகளின் மரியாதையைச் சுமந்து வந்த ‘ஆகஸ்ட்’ (august) என்ற அடைமொழி, மைக்கைச் சரிசெய்யும் நேரத்தில் உதிர்க்கும் சடங்குச் சொல்லாகிவிட்டதில் எனக்கு மெய்யாகவே வருத்தம் உண்டு.

லத்தீனில் இது தெய்வத்தன்மை பொருந்திய இடங்களையும் பொருள்களையும் குறித்த சொல். கி.மு. 27 ஜனவரியில், ஜூலியஸ் சீசரின் வாரிசான ஆக்டேவியனுக்கு என்ன பட்டம் சூட்டுவது என்று ரோமாபுரியின் ஆன்றோர் அவையான செனட் ஆலோசித்தபோது, நகரை நிறுவிய ரோமுலஸின் பெயரையே சூட்டலாம் என்றனர் சிலர். ஆனால் முடியாட்சியை வெறுத்த ரோமானியர்களின் காதில் அந்தப் பெயர் அரசனின் பெயராகவே ஒலிக்கும் என்பதால், செனட் உறுப்பினர் முனேஷியஸ் பிளாங்கஸ் முன்மொழிந்த ‘அகஸ்டஸ்’ ஏற்கப்பட்டது. எந்தப் பதவியையும் குறிக்காமல் வணக்கத்துக்குரியவர் என்று மட்டும் சொன்னதே அதன் வலிமை. கிரேக்கர்கள் அதை ‘செபாஸ்டோஸ்’ என்று பெயர்த்துக்கொண்டார்கள். கி.மு. 8-இல் செக்ஸ்டிலிஸ் என்ற மாதத்துக்கு அவர் பெயர் இடப்பட்டதால், நாட்காட்டியில் உள்ள ஆகஸ்டும் இந்த அடைமொழியின் வழிவந்ததே.

‘மெஜஸ்டிக்’ என்பதோடு இதைக் குழப்பிக்கொள்வதுதான் பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம். இமயமலையும் வேங்கைப் புலியும் மெஜஸ்டிக். பார்த்த கணத்தில் கண்ணை நிறைக்கும் கம்பீரம் அது. ஆகஸ்ட் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அதன் பின்னால் காலமும் கல்வியும் மரபும் நிற்க வேண்டும். அதன் முன்னிலையில் நம் குரல் தானாகத் தணிய வேண்டும். 1660-இல் தொடங்கிய அறிவியல் கழகமான லண்டன் ராயல் சொசைட்டியை அப்படி அழைப்பது பொருந்தும். கோடிக்கணக்கில் செலவழித்துப் போன வருடம் கட்டிய கல்யாண மண்டபம் எவ்வளவு பிரம்மாண்டமாக இருந்தாலும் பொருந்தாது.

நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் ‘திஸ் ஆகஸ்ட் ஹவுஸ்’ என்று சொல்வதைச் சிலர் கேலி செய்கிறார்கள். நான் அதை முழுமனதோடு ஏற்கிறேன். அன்றைக்கு அங்கே அமர்ந்திருப்பவர்களின் தரம் எப்படி இருந்தாலும், அந்த அடைமொழி அவர்களுக்கு முன்பும் இருந்து அவர்களுக்குப் பின்பும் இருக்கப்போகும் அவைக்கு உரியது. நம் சட்டமன்றத்தில் ‘இந்த மாமன்றம்’ என்று சொல்லும்போது ஒலிக்கும் மதிப்பும் அதுவே.

அவைக்கும் ஆன்றோர் குழுவுக்கும் முன்னால் இச்சொல்லை வையுங்கள். பெற்றோரும் மாணவரும் திரண்டிருக்கும் அரங்கத்துக்கு ‘டியர் ஃப்ரெண்ட்ஸ்’ என்ற அன்பே போதும். சொல்லும்போது ஒலிப்பையும் கவனியுங்கள். மாதத்தின் பெயரில் அழுத்தம் முதல் அசையில் விழும்; இந்த அடைமொழியில் ‘கஸ்ட்’ என்ற இரண்டாம் அசைதான் அழுந்தி ஒலிக்க வேண்டும்.