நாற்பதில் மேடையை விட்டவர்

அமெரிக்க ஓபரா பாடகி ரோசா பொன்செல் பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர் 'நாற்பது வயசுல விட்டுட்டாங்களே, எவ்வளவு வீண்' என்று உச்சுக்கொட்டிவிடுகிறார்கள். எனக்கு இது சுத்தமாக ஒத்துவரவில்லை.

அதுவரை ஒரு ஓபராவிலும் பாடியிராத பெண், அக்கா கார்மேலாவோடு வாட்வில் என்கிற கதம்ப நிகழ்ச்சி மேடைகளில் பாடிக்கொண்டிருந்தவர், 1918 நவம்பரில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் வெர்டியின் 'லா ஃபோர்சா டெல் டெஸ்டினோ'வில் நேராக அந்தக் காலத்துப் பெரிய பாடகர் கரூசோவுக்கு ஜோடியாக மேடையேறினார். வயது 21. அங்கே 19 சீசன் பாடினார். 1927இல் பாடக் கடினமான 'நார்மா' ஓபராவும் பாடியாயிற்று. ஆனால் மேல் ஸ்தாயி என்றாலே அவருக்கு வயிற்றைக் கலக்கும், ஒவ்வொரு கச்சேரிக்கு முன்னாலும் பயம். 1935இல் 'கார்மென்' பாடியபோது விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள், அப்புறம் தன் சாரீரத்துக்குப் பொருந்தும் என்று 'அட்ரியானா லெகூவ்ரெர்' ஓபராவைக் கேட்டார், நிர்வாகம் மாட்டேன் என்றது. 1937 ஏப்ரலில் கிளீவ்லாந்தில் ஒரு 'கார்மென்', அதோடு சரி.

கேட்டதைத் தராத இடத்தில் நடுங்கிக்கொண்டே இன்னும் பத்து வருஷம் நின்றிருக்க வேண்டுமா? நமக்கென்ன, உட்கார்ந்து கேட்கிறவர்கள்தானே, ஆசைப்படலாம்.

பால்டிமோர் பக்கத்தில் ஒரு வீடு கட்டி, முதல் ஓபராவில் பாடிய 'பாச்சே, பாச்சே' பாட்டின் நினைவாக வில்லா பாச்சே என்று பெயர் வைத்தார். 1954இல் ஆர்சிஏ இசைத்தட்டுக் கம்பெனி ஆட்கள் ஒலிப்பதிவுக் கருவிகளோடு அந்த வீட்டுக்கே போனார்கள். அவருக்கு அப்போது 57 வயது! அதில் ஷூபர்ட்டின் 'எர்ல்கோனிக்' இருக்கிறது, கேளுங்கள். கதை சொல்கிறவர், அப்பா, பயந்த பிள்ளை, ஆசை காட்டிக் கூப்பிடும் பேயரசன் என்று நாலு பேரையும் ஒரே குரலில் கொண்டுவர வேண்டிய பாட்டு. குரல் இருண்டு, கீழ் ஸ்தாயி தடித்துக் கிடக்கிறது, வெறும் பியானோ துணை. மேடைக் காலத்துப் பழைய தட்டுகளைவிட எனக்கு இதுதான் ஒரு படி மேல், சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

பாட்டோடு நிற்கவில்லை. பால்டிமோர் சிவிக் ஓபரா குழுவின் கலை இயக்குநராக இருந்து இளம் பாடகர்களைத் தயார் செய்தார். பிற்பாடு வாக்னர் ஓபராக்களின் பாத்திரங்களில் பேர் வாங்கிய ஜேம்ஸ் மாரிஸ் அவரிடம் பாடம் கேட்டவர்தான். 1981இல் இறக்கும்வரை 44 வருஷம் இப்படிப் போனது. மெட்ரோபாலிட்டனில் இருந்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். இதைக் கணக்கிலேயே சேர்க்காமல் 'வீண்' என்கிறவர்களுக்கு அந்த 1954 பதிவைத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.